டோக்கன் நோட்டில் மூன்றாம் முறை

இரண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 12, சனிக்கிழமை காலை வரைக்கும் அரியலூர்ப் பள்ளியொன்றின் டோக்கன் நோட்டில் அனுசுயாவின் பெயர் இரண்டு முறை ஏறியிருந்தது. மூன்றாவது முறை ஏறினால் வேலை போய்விடும். வேலை போனால் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அரும்பாவூருக்கு, புருஷன் வீட்டுக்கு, திரும்பிப் போக வேண்டும். அன்று மாலை பள்ளி ஆண்டு விழா. மேடையேறி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும். அனுசுயாவுக்கு ஆங்கிலம் பேச வராது.

அவள் அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆங்கில டீச்சர்.

பேச வராதே தவிர, ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் அவளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. அரியலூர்க் கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு படித்தவள். கல்யாணமாகி அரும்பாவூர் போன புதிதில், புருஷன் கலைச்செல்வன் சின்ன வெங்காய மூட்டைகளோடு பெரம்பலூர் கிளம்பிய ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் மண்டியில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த தடித்த ஆங்கில அகராதி ஒன்றை அவள் வாங்கினாள். அட்டை இல்லை. முதல் எழுத்தில் பாதிப் பக்கங்களும் கடைசி இரண்டு எழுத்துகளும் கிழிந்து போயிருந்தன. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவில், சதுர அடைப்புக்குறிக்குள், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வரலாறு படித்தவளுக்கு அது போதுமாக இருந்தது. அர்த்தத்தை விட்டுவிட்டு அடைப்புக்குறியை முதலில் படித்தாள். யார் படையெடுத்தது, யார் கப்பலில் வந்து இறங்கியது, யார் யாரிடம் எதை வாங்கியது, எல்லாம் அதற்குள் இருந்தது. 'விண்டோ' என்றால் காற்றின் கண். 'மசில்' என்றால் குட்டி எலி. தசை அசைவது தோலுக்கு அடியில் எலி ஓடுவது போல் பட்டதாம். 'பஸ்' என்பது 'எல்லோருக்கும்' என்ற லத்தீன் சொல்லின் வால். 'மேங்கோ' நம் மாங்காய். 'ஸ்கூல்' என்ற சொல் கிரேக்கர்களின் ஓய்வு நேரத்திலிருந்து வந்தது. 'டிராவல்' என்ற சொல் மூன்று கம்புகளை நட்டு ஆளைக் கட்டி வதைக்கும் கருவி ஒன்றிலிருந்து.

ஒரு மத்தியானம் 'ஹஸ்பெண்ட்' என்ற சொல்லைத் தேடினாள். வடகடல் மக்களின் பேச்சிலிருந்து வந்தது, வீட்டை உடையவன் என்று போட்டிருந்தது. நாம் வூட்டுக்காரர் என்கிறோமே, அதே என்று நினைத்துத் தனியாகச் சிரித்தாள். அந்த வூட்டுக்காரர் 1999 மார்ச் மாதம், சோறு குழைந்துவிட்டது என்பதற்காக, அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கித் தோள்பட்டையை இறக்கிவிட்டார். கட்டுப் போட்டவர் சரியாக ஏற்றவில்லை. அன்றிலிருந்து கை தோளுக்கு மேலே எழுவதில்லை. அவள் வகுப்பில் கரும்பலகையின் மேல் பாதி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே மகள் பிரவீணா, இரண்டு புடவை, அந்த அட்டையில்லாத அகராதி ஆகியவற்றோடு உடையார்பாளையத்தில் அண்ணன் அசோக் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மே மாதம் அரும்பாவூரிலிருந்து மாமனார் வேணுகோபால் மூன்று பெரியவர்களோடு வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"பொண்ணு படிச்ச பொண்ணு, தம்பி. கோவத்துல வந்துருச்சு. ஒங்க வூட்லயும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. எத்தினி நாளைக்கு நீங்க வச்சுப் பாப்பீங்க?"

"அரியலூர்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல கூப்புட்டுருக்காங்க மாமா. புள்ளைக்கும் அங்கியே படிப்பு," என்றான் அசோக்.

"அப்ப சரி. வேலை இருக்கற வரைக்கும் இங்கியே இருக்கட்டும். நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். வேலை போச்சுன்னா மறுபேச்சு இல்லாம வந்துரணும். என்ன சொல்றீங்க?"

அசோக் தங்கையைப் பார்த்தான். சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த அனுசுயா தலையை அசைத்தாள். அந்த அசைவுதான் ஒப்பந்தம். எழுத்தில் எதுவும் இல்லை. அதனாலேயே அதை மீற வழியும் இல்லை. அசோக்கின் மாமியார் ஊரும் அரும்பாவூர்ப் பக்கம். கொடுத்த வார்த்தை பிசகினால் அவன் தலை காட்ட முடியாது.

பள்ளி, சிமெண்ட் லாரிகள் போகும் சாலையில் இருந்தது. காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி சாம்பல் பூத்திருக்கும். தாளாளர் நல்லுசாமி முன்பு சிமெண்ட் ஏஜென்சி நடத்தியவர். அனுசுயாவைப் பட்டத்தைப் பார்த்தே வேலைக்கு எடுத்தார், பேசச் சொல்லிக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அவருக்கு நன்றாக வரும் சொல் ஒன்று, 'நைஸ்'. புதிய பெஞ்சு வந்தாலும் நைஸ், டீச்சர் லீவு கேட்டாலும் ஒரு மாதிரி இழுத்து நைஸ். அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள் என்பது அனுசுயாவுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை.

டோக்கன் அவருடைய ஏற்பாடு. சலவை சோப்பு அளவில் ஒரு மரக்கட்டை, சிவப்பு பெயிண்ட், அதன் மேல் 'நான் தமிழில் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்து. கழுத்தில் மாட்ட ஒரு தேங்காய் நார்க் கயிறு. வகுப்புக்கு ஒன்று. காலையில் முதலில் தமிழ் பேசி மாட்டுகிறவன் அணிந்துகொள்ள வேண்டும். இன்னொருவன் தமிழ் பேசுவதைக் கண்டுபிடித்தால் அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவன் பெயர் மறுநாள் பிரேயரில் வாசிக்கப்படும். ஆசிரியர்கள் கழுத்தில் மாட்ட மாட்டார்கள். நோட்டில் பெயர் ஏறும். மூன்று தடவை ஏறினால் சீட்டு கிழிந்தது.

முதல் தடவை ஜூன் மாதம். ஐந்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அவள் சொன்ன ஆங்கில வாக்கியத்தைக் கேட்டு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவளுக்கும் அடுத்த வாக்கியம் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டித் தமிழில் சொன்னாள்: "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி குளிர் தேசத்துல கண்ணாடி கெடையாது. சுவத்துல ஒரு ஓட்டை. அது வழியா வூடு பாக்கும், காத்து வரும். அதான் காத்தோட கண்ணு." முப்பத்தெட்டுத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை ஜெயலட்சுமி நின்றிருந்தார்.

இரண்டாவது நவம்பரில். எல்.கே.ஜி. படித்த பிரவீணா மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து உதடு கிழித்துக்கொண்டாள். ரத்தத்தைப் பார்த்ததும் தாழ்வாரமே அதிர "ஐயோ, என் தங்கமே!" என்று அனுசுயா ஓடினாள். தாளாளர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "புள்ளை அழுவுதுன்னா 'ஓ மை காட்'னு சொல்லலாம்ல டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்து வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. ஜன்னலோரத்தில் உட்காரும் புவனேஸ்வரி, சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர் கொளஞ்சியப்பனின் மகள், தாழ்வாரத்தைப் பார்த்துக்கொள்வாள். தலைமையாசிரியையின் புடவைத் தலைப்பு தெரிந்தால் இருமுவாள். அனுசுயா உடனே "ஓபன் யுவர் புக்ஸ்" என்பாள். போனதும் கதை தொடரும். மிஸ் தமிழ் பேசியதை முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட வெளியே விடவில்லை. டோக்கனைக்கூட முறை வைத்து மாட்டிக்கொண்டார்கள்.

டோக்கனைப் பற்றியே ஒரு நாள் சொன்னாள். "டோக்கன்னா அடையாளம், காட்டுறதுன்னு அர்த்தம். டீச்ங்கிற வார்த்தையும் அதே வேர்லேர்ந்து வந்ததுதான். ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க."

"அப்ப டோக்கன் ஒங்க தங்கச்சியா மிஸ்?"

"கயிறு யாரு மிஸ்?"

"கயிறு நம்மாளு. இங்கிலீஷ்ல 'காயர்'னு சொல்றாங்களே, அது நம்ம பக்கத்துலேர்ந்து கேரளா வழியா கப்பலேறிப் போனது."

"அப்ப கயித்துக்கு ஒரு டோக்கன் போடுங்க மிஸ், அது தமிழ் பேசுது!"

அரையாண்டுத் தேர்வில் சொற்பொருள் பகுதியில் ஐந்தாம் வகுப்பு மற்ற எல்லா வகுப்புகளையும் தாண்டிவிட்டது. ஜெயலட்சுமி விடைத்தாள்களைப் புரட்டிவிட்டு, "எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அனுசுயா சிரித்தாள். பதில் சொல்ல மூன்று வாக்கியம் தேவைப்பட்டது. அவளிடம் ஒன்றுகூட இல்லை.

ஜனவரி கடைசியில் தாளாளர் அறிவித்தார்: ஆண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். "பேரன்ட்ஸ் நம்ம ஸ்டாஃபோட ஸ்டாண்டர்டைப் பாக்கணும். நைஸா இருக்கும்."

நாற்பத்தொரு வரி. ஜெயலட்சுமியே திருத்திக் கொடுத்தார். காலையில் உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் ஒரு தடவை, மாலையில் திரும்பும்போது ஒரு தடவை, பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தடவை என்று இரண்டு வாரம் உருப்போட்டாள். பிரவீணாவுக்கே முதல் ஆறு வரி வந்துவிட்டது. அண்ணி ஒருநாள், "அனு, தூங்கும்போதும் 'ரெஸ்பெக்டட்'ங்கற," என்றாள். யாராவது நடுவில் கூப்பிட்டால் மட்டும் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எந்த இடத்திலிருந்தும் எடுத்துத் தொடர வரவில்லை.

ஆண்டு விழாவுக்கு அறுநூறு பேர் இருக்கும். ஷாமியானாவுக்கு வெளியேயும் நின்றார்கள். பெரும்பாலும் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், லாரி டிரைவர்கள், லோடுமேன்கள், சுற்று ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள். குளித்துவிட்டு வந்திருந்தாலும் சிலருடைய காது மடிப்பில் வெள்ளைத் தூசி இருந்தது. நான்காம் வகுப்பு டீச்சர் பேசி முடித்தபோது கைதட்டல் கேட்டது; யாருக்கும் புரியவில்லை என்பதும் அதிலேயே கேட்டது. மரியாதைக்குத் தட்டுகிற தட்டல்.

அனுசுயா மைக்கைப் பிடித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரிக்கு நிமிர்ந்தபோது, நான்காம் வரிசை ஓரத்தில், மடித்த துண்டு மடியில் இருக்க, மாமனார் வேணுகோபால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அவரை யாரும் அழைக்கவில்லை. ஆண்டு விழா யாருக்கும் திறந்ததுதான். பேத்தி படிக்கும் பள்ளி. அவர் அமைதியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரி போய்விட்டது. முதல் வரிக்குத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் இல்லை. மைக் கரகரத்தது. முன்வரிசையில் தாளாளர் கால் மேல் போட்ட காலை இறக்கினார். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து புவனேஸ்வரி மூன்றாவது வரியின் முதல் சொல்லைக் கிசுகிசுத்தாள். இரண்டு தடவை, பிறகு சத்தமாக ஒரு தடவை. அனுசுயாவுக்குக் கேட்டது. நாக்கு எழவில்லை. 'இன்ஃபன்ட்' என்ற சொல்லின் அடைப்புக்குறி, ஏனோ தெரியவில்லை, கண்ணுக்கு முன்னால் வந்தது: பேசாதது. லத்தீனில் கைக்குழந்தைக்கு அதுதான் பெயர். இருபத்தாறு வயதில் மைக் முன்னால் அப்படி நின்றாள்.

கூட்டத்தில் யாரோ "மைக்கு வேலை செய்யலப்பா" என்றார்கள். இன்னொருவர் "மைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பு கிளம்பியது.

அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் வாயைத் திறந்தாள். வந்தது தமிழ்.

"இங்க சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவங்க யாரு யாரு வந்திருக்கீங்க? கையத் தூக்குங்க."

சிரிப்பு நின்றது. தயங்கித் தயங்கி முப்பது நாற்பது கைகள் எழுந்தன.

"ஒங்க புள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்னு ஒங்களுக்குத் தெரியணும்ல? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ரோமாபுரில கணக்குப் போட பேப்பர் கெடையாது. கூழாங்கல்ல வச்சு எண்ணுவாங்க. சுண்ணாம்புக்கல்லுக்கு அவங்க பாஷையில 'கால்க்ஸ்'னு பேரு. குட்டிக் கல்லுன்னா 'கால்குலஸ்'. அதுலேர்ந்துதான் 'கால்குலேட்' வந்துச்சு. கடையில தட்டுறீங்களே கால்குலேட்டரு, அது நீங்க லாரில ஏத்துற கல்லு. நான் போர்டுல எழுதுற சாக்பீஸும் அந்தக் கல்லுதான்."

"அப்ப நாங்கதான் கணக்கு வாத்தியாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒன் கணக்கு ஊருக்கே தெரியும், உக்காருடா!" என்று இன்னொரு குரல். ஷாமியானா குலுங்கச் சிரித்தது.

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை. சிமெண்ட்டுக்கு வெட்டின கல் என்று அர்த்தம் என்றாள். பஸ் என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம், கண்டக்டர் ஏற்றாவிட்டால் இதைச் சொல்லுங்கள் என்றாள். சுருட்டு கப்பலேறிப் போய் 'ஷெரூட்' ஆன கதையைச் சொன்னாள். சுரங்கத்தில் கிளிஞ்சல் கல்லாகிக் கிடைக்கிறதே, அதைப் பார்க்க வெளியூரிலிருந்து படித்தவர்கள் வந்து 'ஃபாசில்' என்கிறார்களே, அந்தச் சொல்லுக்குத் தோண்டியெடுத்தது என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை என்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கத்தினாள்: "ஹஸ்பெண்டுக்கு என்னா டீச்சர்?"

அனுசுயா நான்காம் வரிசையைப் பார்க்காமல் சொன்னாள். "வீட்டை உடையவன்னு அர்த்தம். நாம வூட்டுக்காரருங்கறோமே, அதேதான்."

பெண்கள் பக்கம் ஆரவாரம் எழுந்தது. பதினொரு நிமிடம் பேசியிருந்தாள். கைதட்டல் ஓயத் தாமதமானது. கொளஞ்சியப்பன் எழுந்து நின்று, தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டினார். வேணுகோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பதை அவள் மேடையிலிருந்து பார்த்தாள்.

தாளாளர் மேடைக்கு வந்து கை கூப்பினார். "நைஸ்," என்றார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அறுபத்தோரு பெற்றோர் கையெழுத்துப் போட்ட காகிதம் தாளாளர் மேஜையில் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியை வேண்டாம் என்பது சாரம். காகிதம் தமிழில்தான் எழுதியிருந்தது. முதல் கையெழுத்து கொளஞ்சியப்பனுடையது.

ஜெயலட்சுமி டோக்கன் நோட்டைத் திறந்து, தேதியைப் போட்டு, அனுசுயாவின் பெயரை எழுதினார். ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து. எழுதி முடித்துவிட்டு மை காயும் வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தார்.

"ஹெச்.எம். மேடம்," என்றாள் அனுசுயா. தமிழில்தான். இனி எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. "இந்த வருசம் முடியற வரைக்குமாவது... ஏப்ரல் வரைக்கும். ரெண்டே மாசம். நான் வகுப்புக்கு வெளிய உக்காந்து நோட்டு திருத்துறேன். வாயே தொறக்க மாட்டேன். பேரு மட்டும் ரெஜிஸ்டர்ல இருக்கட்டும். எனக்கு வேலைன்னு ஒண்ணு இருக்குன்னு இருந்தா போதும்."

"நான் சார்கிட்ட கேட்டுட்டேம்மா." ஜெயலட்சுமி தமிழ் பேசி அவள் கேட்டது அதுவே முதல் தடவை. "ரெண்டு தடவ கேட்டேன்."

"ஆயா வேலை இருந்தாலும் பரவால்ல மேடம்."

ஜெயலட்சுமி எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். அவளுடைய அசல் சான்றிதழ்கள். பள்ளிகள் ஆசிரியர்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். விலகினாலும் ஒரு மாதம் அலைய விட்டுத்தான் தருவார்கள். இவர் தாளாளரைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். உறையின் மேல் ஒரு பெயரும் இடமும் எழுதியிருந்தன.

"மீன்சுருட்டில ஒரு ஸ்கூல். அடுத்த திங்கக்கெழமை காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ. எனக்குத் தெரிஞ்சவங்கதான் பாப்பாங்க. சின்ன ஸ்கூல். டீச்சர் தங்க ஒரு ரூம் தருவாங்க."

"அங்க என்ன கேப்பாங்க மேடம்?"

ஜெயலட்சுமி நோட்டை மூடினார். "இங்கிலீஷ்ல அஞ்சு நிமிசம் பேசச் சொல்வாங்க."

பிரவீணாவையும் கூட்டிக்கொண்டு அவள் வந்தபோது கேட்டுக்கு வெளியே லாரி நின்றிருந்தது. கொளஞ்சியப்பன் கிளீனர் பக்கத்துக் கதவில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பீடியைப் போட்டு மிதித்தார். பிரவீணாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர்."

"நீங்கதாங்க மொதல்ல எழுந்து நின்னு கை தட்டுனீங்க."

"தட்டுனேன். இப்பவும் தட்டுவேன். வூட்ல போயி ராத்திரி பூரா அதத்தான் பேசுனோம். எங்கம்மா 'கால்குலஸ்'ங்குது." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீங்க சொன்னது அத்தனையும் எனக்கே புரிஞ்சுது டீச்சர். அதான் பிரச்சனை. எனக்கே புரியற இங்கிலீஷுக்கு நான் எதுக்கு ரெண்டு நடை சேத்து ஓட்டிப் புள்ளைய இங்க அனுப்பணும்? தமிழ்ல கத கேக்க கெவுருமெண்ட் ஸ்கூல் இருக்கு. எனக்குப் புரியாததப் பேசணும் எம் புள்ளை. ஆபீசர் எதிருல நின்னா நான் தலைய சொறியறேன். அது சொறியக் கூடாது."

அனுசுயாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு அவர் சொன்னதில் பொய் இல்லை. மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், பிரவீணாவுக்கு இந்த நிலை வரக் கூடாது என்றுதானே அவளும் நினைத்தாள்.

"புவனேஸ்வரி நல்லா படிக்கும்," என்றாள். "அது அன்னிக்கு எனக்கு மூணாவது வரிய எடுத்துக் குடுத்துச்சு. அந்தப் பேச்சு முழுக்க அதுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். எங்கிட்ட சொல்லிக் காட்டுச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல." அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

அரும்பாவூருக்குச் செய்தி போக அதிக நேரம் ஆகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் எதிர்க்கடைக்கு போன் வந்தது. அசோக் போய்ப் பேசிவிட்டு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கெழம வராங்களாம். வண்டி எடுத்துக்கிட்டு."

"திங்கக்கெழம எனக்கு மீன்சுருட்டில இன்டர்வியூ, அண்ணா. ஒரே ஒரு நாள். ஒரு நாள் தள்ளி வரச் சொல்லு."

"சொன்னேன் அனு. 'வேலை போச்சா இல்லியா'ன்னு கேட்டாரு. போச்சுன்னேன். 'அப்பறம் என்ன தம்பி'ன்னாரு. கத்தல, திட்டல. நான் என்ன பண்ணட்டும்? நாலு பேரு முன்னாடி வார்த்த குடுத்தாச்சு."

"நான் தலைய ஆட்டுனேன். வார்த்த நீ குடுத்த."

அசோக் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி அடுப்பிலிருந்து பாலை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல், "மீன்சுருட்டில அந்த ரூமு இன்டர்வியூக்கு முன்னாடியே குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுக்க மாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்த நாற்பத்தொரு வரியை உட்கார்ந்து உருப்போட்டாள். இருபத்து மூன்றாவது வரி வரைக்கும் போனது. பிரவீணா தண்ணீர் கேட்டாள். திரும்பவும் முதலிலிருந்து. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டாள். அடைப்புக்குறிகளைத் தவிர வேறெதிலும் கண் நிற்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வாயில் புரண்டு எப்படி வந்து சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். ஐந்து சொல்லைச் சேர்த்து, பார்க்கிறவர் கண்ணைப் பார்த்து, சொல்ல வரவில்லை. வெள்ளி ராத்திரி வலது தோள் வலித்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்த அண்ணி, ஒத்தடத் துணியைப் பிழிந்தபடி, "நாளைக்கு மத்தியானம் ஒங்கண்ணன் கடைக்குப் போயிருவாரு. நான் எம் புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறேன்," என்றாள்.

சனிக்கிழமை வீட்டுச் சாவி நிலைக்கு மேல் இருந்தது. சமையல் மேடையில் ஒரு தூக்குப்பாத்திரத்தில் புளிச்சோறு.

பிற்பகல் இரண்டே காலுக்கு உடையார்பாளையத்தில் அனுசுயா ஜெயங்கொண்டம் பஸ் ஏறினாள். அங்கே இறங்கி மீன்சுருட்டிக்கு வேறு வண்டி மாற வேண்டும். கையில் பழுப்பு உறை, தூக்குப்பாத்திரம், ஒரு பை. பிரவீணா ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு முதல் ஆறு வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மீன்சுருட்டியில் அவர்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. நேர்காணல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.